'இன்னா அர்த்தம்' உபதேசியார்

சர்வேசுரனைப் பற்றியே குறுக்குக் கேள்வி கேட்டு, வேலையும் போகாமல், பதவி உயர்வும் வாங்கிய ஆள் திண்டிவனத்தில் ஒருவர்தான் இருந்தார். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பங்குச் சாமியாருக்கே மறந்துபோய்விட்டது. ஊருக்கு அவர் 'இன்னா அர்த்தம்' உபதேசியார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். மயிலம் முருகனுக்கு வருஷம் தவறாமல் மொட்டை போடுகிறவன். ஆனாலும் கத்தோலிக்கப் பிள்ளைகள் படிக்கும் ஞானோபதேசக் கேள்வி-பதில் முழுக்க எனக்கு மனப்பாடம். என் வகுப்புக்கும் ஞானோபதேச வகுப்புக்கும் நடுவே ஒரு ஓலைத் தட்டிதான். பழைய உபதேசியார் பிரம்பால் மேஜையைத் தட்டிக் கேள்வி கேட்பார். அறுபது பிள்ளைகளும் ஒரே மூச்சில் பதிலைக் கொட்டுவார்கள். என் பையன்கள் பதினாறாம் வாய்ப்பாட்டை முடித்து 'ஆமென்' போட்டதுண்டு.

அவர் ஓய்வு பெற்றதும் விழுப்புரத்திலிருந்து இவர் வந்தார். முழங்கால் வரை தொங்கும் கோட்டு, செருப்பில்லாத கால். முதல் நாளே ஒரு பையனை எழுப்பி, சர்வேசுரன் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்.

"சர்வேசுரன் அரூபியாய் இருக்கிறார்."

"பலே. அரூபின்னா இன்னா அர்த்தம்?"

அந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. பையன் கொஞ்சம் யோசித்தான். "ரூபாய் இல்லாதவரு, ஐயா."

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் சாக்பீஸைக் கீழே போட்டேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமே இல்லை.

"உன் மேல தப்பு இல்லடா. இத்தினி நாளா உன்னை யாரும் கேக்கல" என்றார் உபதேசியார். புத்தகத்தை மூடினார். மூடியதுதான்.

அப்புறம் நடந்ததெல்லாம் கூத்து. பிரளயத்தில் மிதந்த நோவே பெட்டகம் பாடத்துக்கு ஆடு, கோழி, கழுதை எல்லாம் ஜோடி ஜோடியாக வகுப்புக்கு வந்தன. அதில் ஒரு ஆடு தட்டியை நெட்டிக்கொண்டு வந்து என் வருகைப் பதிவேட்டைத் தின்றுவிட்டது. தலைமையாசிரியர் விசாரித்தபோது, "பிரளயம், சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமை இன்னும் மோசம். விதையில் கொஞ்சம் வழியில் விழுந்தது, கொஞ்சம் கல்மேல் விழுந்தது என்று அவர் ஆரம்பித்ததுமே அந்தோணியம்மா எழுந்துவிட்டாள். நிலக்கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்கிற வீட்டுப் பெண்.

"அவனுக்கு வெதைக்கவே தெரியல, ஐயா. எங்கப்பா மல்லாட்டை வெதைச்சா ஒண்ணு வெளிய உழாது. உழுந்தா ஆண்டை உதைப்பாரு."

"அப்ப ஆண்டவர் எதுக்கு அந்த மாரி ஆளைப் பத்திச் சொன்னாரு?"

இரண்டு நாள் வாக்குவாதம். மூன்றாம் நாள் அவளே சொன்னாள்: "தெரியாம எறியல, ஐயா. கல்லு மேலகூட மொளைச்சிடாதான்னு அவருக்கு ஒரு ஆசை."

அன்று என் வகுப்பில் கணக்கு நடக்கவில்லை.

மாதா கோயிலில் மணியடித்து மெழுகுவத்தி ஏற்றும் கோயில்பிள்ளைக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. 'இங்கே பிள்ளைகள் பதில் சொல்வதில்லை, கேள்வி கேட்கிறார்கள்' என்று புதுச்சேரி ஆயருக்கு எழுதிப் போட்டார். பரீட்சை எடுக்க ஒரு பிரெஞ்சுச் சாமியார் வருவதாகப் பதில் வந்தது. பிள்ளைகள் தவறினால் உபதேசியாரை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள் என்று பேச்சு.

நான் கெஞ்சினேன். "ஒரு வாரத்துக்காவது மனப்பாடம் பண்ண வெச்சிடுங்க."

"வேலைக்கோசரம் பிள்ளைங்கள மறுபடி கிளி ஆக்கிட்டா, நான் விழுப்புரத்துலேர்ந்து வந்ததுக்கு இன்னா அர்த்தம், சார்?"

வேறு வழி தெரியாமல் முருகனுக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன். கத்தோலிக்கப் பரீட்சைக்காக மயிலத்தில் உடைந்த தேங்காய் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நெஞ்சுவரை தாடியோடு சாமியார் வந்து உட்கார்ந்தார். முதல் கேள்வியே, "சர்வேசுரன் எப்படிப்பட்டவர்?"

கோயில்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டார். உபதேசியார் கூரையைப் பார்த்தார். அந்தோணியம்மா எழுந்தாள்.

"எங்கம்மா கேப்பை தூத்தும், சாமி. காத்து கண்ணுக்குத் தெரியாது. ஆனா காத்து இல்லாட்டி பதரு பிரியாது, வேலை ஆவாது. சர்வேசுரன் அந்த மாரி."

சாமியார் பேனாவைக் கீழே வைத்தார். "இது உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லித் தரல, சாமி. எங்க வாத்தியாரு எப்பப் பாத்தாலும் கேட்டுக்கினே இருப்பாரு. தொல்லை தாங்காம நாங்களே யோசிச்சிட்டோம்."

சாமியார் சிரித்த சிரிப்பில் தாடி முழுதும் குலுங்கியது. மத்தியானம் வரை கேட்டார். பிள்ளைகள் பதில் சொன்னதோடு அவரையும் திருப்பிக் கேட்டார்கள். இரண்டு கேள்விகளுக்கு, புதுச்சேரிக்கு எழுதிக் கேட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டுதான் எழுந்தார்.

அடுத்த மாதமே உத்தரவு வந்தது. விழுப்புரத்தில் சுற்றுவட்ட உபதேசிமாருக்கெல்லாம் ஞானோபதேசம் நடத்தும் முறையைக் கற்றுக்கொடுப்பவர் இனி இவர்தான். மாலை போட்டு ரயிலேற்றப் பள்ளிக்கூடமே ஸ்டேஷனுக்குப் போனது. மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கோயில்பிள்ளை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம், சனிக்கிழமை தவறாமல் நான் விழுப்புரம் போய் அவர் வகுப்பைக் கேட்டுவிட்டு வந்தேன். எதற்கு என்று வீட்டில் கேட்டால், மளிகை வாங்க என்பேன். திண்டிவனத்தில் மளிகைக் கடைக்கா பஞ்சம்?