வாளியில் பெயர் நிற்காது, மாப்பிள்ளை

ரஹாங், சிரம்பான், மலேசியா
15.9.1997

பேரன்புக்குரிய மாப்பிள்ளை தங்கராஜு அவர்களுக்கு,

மாமனார் அமிர்தலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை மயிலம்மாளும் நலம். பெயர்ப் பலகை வெட்டும் உங்கள் லேசர் மெஷினும் நலம். திருச்சியில் நீங்களும் மகளும் வீட்டுக்கு வீடு விருந்து சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். மெஷின் நலத்தை முதலிலேயே எழுதிவிடச் சொன்னது வள்ளியம்மா. கடையில் கம்ப்யூட்டர் பார்க்கத்தான் அவளை வைத்தீர்கள். இப்போது என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாள்.

"மாமா, சும்மா கடையில உக்காந்திருந்தா போதும். ஷெல்ஃபுல இருக்கிற அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடெல்லாம் பேங்க் ஆர்டருக்கு, அதுல கை வைக்காதீங்க. பி.வி.சி.யை மெஷின் பக்கமே கொண்டுபோகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சும்மாதான் உட்கார்ந்திருந்தேன், இரண்டு நாள். மூன்றாம் நாள், எங்கள் கோலா சாவா தோட்டத்து நாற்பது குடும்பத்துக்கும் ரந்தாவில் கட்டிய புது வீட்டுச் சாவி பதினான்காம் தேதி கிடைக்கும் என்று சேதி வந்துவிட்டது. தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டில் பிறந்து அந்த லயத்திலேயே தலை நரைத்த ஜனம், மாப்பிள்ளை. எங்கள் கதவில் இருந்ததெல்லாம் தோட்ட ஆபீசில் பெயின்ட் அடித்துவிட்ட நம்பர். சொந்தக் கதவு என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் கூட்டத்தில் எழுந்து, "நாப்பது கதவுலயும் பேர்ப் பலகை தொங்கும், என் மருமகன் மெஷின்ல நானே வெட்டித் தரேன்!" என்று சொல்லிவிட்டேன். ஒரே கைதட்டல். முப்பது வருசம் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து கத்தியிருக்கிறேன், ஒருத்தன் கை தட்டியதில்லை.

நம் ஜனத்துக்குப் பெயர் வெட்டுவது என்றால் பாத்திரக் கடைதான் ஞாபகம் வரும். அவரவர் பாத்திரத்தை அவரவர் கொண்டுபோக வேண்டும். அந்தப் பழக்கத்தில், "உங்க வீட்டு பிளாஸ்டிக்கைக் கொண்டாங்க" என்று நானும் வாயை விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் லோரி பிடித்து வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் லயத்துக்காரி பஞ்சாலை ஒரு நீல வாளியை அணைத்துக்கொண்டு, "அண்ணே, இது என் கல்யாண வாளி, இதுலயே வெட்டுங்க" என்றாள். அடிப்பக்கத்தை அறுத்து மெஷினுக்குள் வைத்தோம். 'பஞ்சா' வரை ஜோராக வந்தது. 'லை' வருவதற்குள் 'பஞ்சா' தோசை மாவாக உருகி ஓடிவிட்டது. அடுத்து, லோரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த சன்னாசி, தன் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான். பளிங்கு மாதிரி இருந்ததே என்று வைத்தேன். குப்பென்று தீ. வள்ளியம்மா ஈரத்துணியோடு பாய்ந்து வந்து, "அங்கிள், இது பாலிகார்பனேட் லா! கருகும், வெட்டாது!" என்று கத்தினாள். வீடு போகும் வரை சன்னாசி வாய்க்குள் பூச்சி புகப் புக மோட்டார் ஓட்டினானாம்.

முனியாண்டி வெள்ளைத் தண்ணீர்க் குழாயைப் பிளந்து, வெந்நீரில் போட்டுத் தட்டையாக்கி, சோப்புப் போட்டுக் கழுவிக்கூடக் கொண்டுவந்திருந்தான். வள்ளியம்மா ஒரு செம்புக் கம்பியைச் சூடாக்கி அதில் ஒற்றி மறுபடி நெருப்பில் காட்டினாள். தீ பச்சையாக எரிந்தது. "இதுதான் பி.வி.சி. இந்தப் புகை நெஞ்சையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும்." முனியாண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பச்சையா என்னா அழகு! இதையே போடுங்க லா!" அன்றிலிருந்து நானும் கம்பியும் கையுமாகத்தான் திரிகிறேன். மழைக்கோட்டு, பச்சை. குளியலறைத் திரை, பச்சை. உங்கள் அத்தையின் புதுக் கைப்பை, பச்சை. அத்தை என்னோடு பேசி நாலு நாள் ஆகிறது.

வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. நாற்பது பெயர் இருக்கிறது, ஒரு பலகை இல்லை. "அக்ரிலிக்தான் அங்கிள் சரியா வரும். இல்லேன்னா பேசாம கதவுல பெயின்ட் அடிச்சிருங்க" என்றாள் வள்ளியம்மா. பெயின்ட்! மறுபடியும் பெயின்ட்டா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கடைக்குள் இருந்த ஒரு துண்டைக்கூட நான் தொடவில்லை, மாப்பிள்ளை, முருகன் சத்தியம். வாசலுக்கு வந்து, அண்ணாந்து, "முருகா!" என்றேன். வழி தெரிந்தது.

நல்ல அக்ரிலிக் என்றால் அது எப்படி வெட்டுகிறது தெரியுமா? உருகல் இல்லை, கருகல் இல்லை, ஓரமெல்லாம் பளபள, எழுத்து வெள்ளை வெளேர் என்று விழுகிறது. வள்ளியம்மா முதலில் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்; அப்புறம் அவளே சனிக்கிழமை பூராவும் நின்று நாற்பதையும் முடித்துக் கொடுத்தாள். நேற்று மாட்டினோம். பஞ்சாலை தன் பெயரை விரலால் தடவித் தடவி, "உருகாதில்ல அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முனியாண்டி பலகையைப் படித்துவிட்டு, "முனியாண்டி இருக்காருங்களா?" என்று தன் கதவைத் தானே தட்டினான். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். எனக்கு அது சிரிப்பால் மட்டும் வந்ததல்ல.

நீங்களும் மகளும் எல்லாச் செல்வமும் பெற்று, வயிறும் மனமும் நிறைந்து, நல்லபடியாக ஊர் திரும்ப எங்கள் ஆசீர்வாதம். கடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். உள்ளே வைத்தது வைத்தபடி இருக்கிறது.

இப்படிக்கு,
அன்பு மாமனார்
அமிர்தலிங்கம்

பின்குறிப்பு: திரும்பி வரும்போது கடை தெரியாமல் தாண்டிப் போய்விடாதீர்கள். வாசலுக்கு மேலே இருந்த உங்கள் எட்டடி நீல அக்ரிலிக் பெயர்ப் பலகை இப்போது அங்கே இல்லை. அது கடைக்கு வெளியேதானே இருந்தது, நான் பொய் சொல்லவில்லை. உங்கள் மஞ்சள் எழுத்துக்கும் ஒரு சேதமும் இல்லை, நாற்பது துண்டின் பின்பக்கமும் அப்படியே இருக்கிறது. முனியாண்டி கதவில் 'ரா', பஞ்சாலை கதவில் பாதி 'லே', என் கதவில் போன் நம்பர். நாற்பதையும் வரிசையாகத் திருப்பிப் பார்த்தால் உங்கள் கடை பெயர் முழுசாக இருக்கும். யாரும் வீடு மாறிப் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.