திபிலிசி வேனில் இனி ஏறுவதில்லை

ஒசுர்கெதி,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள மைத்துனி லமாராவுக்கு,

உன் வீட்டுக்கு வெற்றி உண்டாகட்டும். இங்கே நானும் பசுவும், எங்கள் இருவரையும் வேவு பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரனும் சௌக்கியம். ஞாயிறன்று உன் பேத்திக்கு ஞானஸ்நானம், போன வருஷம் போய்ச் சேர்ந்த உன் அக்காவின் பெயரையே வைக்கிறோம், விருந்தில் முதல் ஒயின் கிண்ணத்தை எடுத்து நீங்கள்தான் வாழ்த்திப் பேச வேண்டும் அத்தான் என்று நீ சொன்னதும், பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபமில்லை. இப்போது பதில் சொல்கிறேன்: நான் வரவில்லை.

காரணம் உன் ஊருக்கு வரும் அந்தத் திபிலிசி வேன். மனுஷன் ஏறுகிற வண்டியா அது? வழியில் கோயில் தெரிந்தால் எல்லோரும் மூன்று தடவை சிலுவை போட்டுக்கொள்வது நல்ல வழக்கம்தான், ஆனால் டிரைவர் ஜும்பெரும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறான், அதுவும் ரிக்கோத்தி மலை வளைவில். கேட்டால், "நான் விட்டா அவரு பிடிச்சுக்குவாருண்ணே" என்று மேலே கையைக் காட்டுகிறான், அந்தக் கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து! ஒரு தடவை உனக்கென்று உன் அக்கா உப்புத்தண்ணீர் வாளியில் சீஸ் கொண்டுவந்தாள், அந்த வளைவில் வாளி கவிழ்ந்து ஒரு வக்கீலின் புது பேண்ட் தொப்பலாகிவிட்டது, நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன், இவளோ, "ஐயோ, நல்ல சீஸு வீணாப் போகுதே, வாயைத் திற தம்பி" என்று அவர் மடியிலிருந்தே பொறுக்கி அவருக்கே ஊட்டிவிட்டாள். சுராமியில் வண்டி நின்றதும் அந்த வக்கீல் ஓடிப்போய் எல்லோருக்கும் சூடாக இனிப்பு ரொட்டி வாங்கி வந்தார். அப்புறம் எங்கே கோபம்? கோரி ஊர் வரைக்கும் பாட்டுத்தான்.

நான் உன் அக்காவை முதலில் பார்த்ததும் அந்தத் தடத்து வேனில்தான். கொளுத்தும் வெயில், உள்ளே வெந்துகொண்டிருக்கிறோம், நான் ஜன்னலைத் திறந்தேன். பின்சீட்டிலிருந்து ஒரு கை வந்து படாரென்று மூடியது. "குறுக்குக் காத்து அடிச்சா கழுத்து பிடிச்சுக்கும், தெரியாதா?" நான் திறந்தேன், அவள் மூடினாள். வண்டியே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஒரு கிழவர் மட்டும், "இந்தச் சண்டை வண்டியில முடியாதும்மா, பாதிரியாரைப் பாருங்க" என்றார். பார்த்தோம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு பயணத்திலும் அதே சண்டை, ஜெயித்தது எப்போதும் அவள்தான்.

லமாரா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அவள் போன பிறகு ஒரு தடவை உன்னைப் பார்க்கக் கிளம்பினேன். ஜன்னலைத் திறந்தேன். யாரும் மூடவில்லை. காற்று தாராளமாக முகத்தில் அடித்தது, என்னால் தாங்க முடியவில்லை. ஸெஸ்தபோனியில் இறங்கி, எதிரே வந்த வண்டியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். உன்னிடம் வயிற்றுவலி என்று சொன்னேன். வயிற்றுக்கு ஒன்றுமில்லை, அவள் இல்லாமல் அந்த மலையைத் தாண்ட எனக்குப் பயம்.

அதனால் முதல் கிண்ணத்தை உன் கணவரே எடுக்கட்டும். இந்தக் கடிதத்தையும் ஒரு கூடை வால்நட்டையும் ஜும்பெரிடம் கொடுத்தனுப்புகிறேன், திதூபே நிலையத்தில் வாங்கிக்கொள். சின்ன எத்தேரி நூறாண்டு வாழட்டும், உங்கள் மேஜையில் ரொட்டியும் ஒயினும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான் நோதார்

பி.கு.: கூடையைக் கொடுக்க எங்கள் ஊர் நிலையத்துக்கு வந்தேன். வண்டியில் ஒரே ஒரு சீட் காலி, ஆள் நிரம்பாமல் ஜும்பெர் வண்டியை எடுக்கமாட்டான். உள்ளே இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். "ஏறுங்கண்ணே, உங்களுக்குத்தான் காத்திருக்கோம்." நான் வரவில்லை, கடிதம்தான் போகிறது என்றேன். பல்வலியில் கன்னம் வீங்கிய ஒரு அம்மாள், "கடுதாசி வந்து சீட்டுல உக்காருமாய்யா? எனக்குப் பல்லு பிளக்குது, ஏறித் தொலையேன்!" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். இதை முழங்காலில் வைத்து எழுதுகிறேன், கோணல் எழுத்துக்கு ஜும்பெர்தான் பொறுப்பு. இப்போது வண்டி மலை ஏறுகிறது. ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கும் ஒரு தட்டு வை. பயமாகத்தான் இருக்கிறது லமாரா, ஆனால் வருகிறேன்.