லினக்ஸுக்கு மட்டும் பொட்டு

"அதைத் தொடாதே! பூஜையில இருக்கு."

கணேஷ்குமாரின் கை லேப்டாப்பை எட்டுவதற்குள் அப்பா கிருஷ்ணராஜ் குரல் கொடுத்துவிட்டார். அன்று ஆயுத பூஜை. ஸ்பேனர், சுத்தியல், ஸ்கூட்டர் சாவிக்கு நடுவில் லேப்டாப்பும் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. அப்பா முப்பது வருஷம் மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடவிட மாட்டார்.

நாலு மணிக்கோ ஆன்லைன் கேம் ஃபைனல். கணேஷ்தான் கேப்டன். ஆறு மாச உழைப்பு. ஆபீஸ் வேலைக்குக்கூட அவன் அவ்வளவு உழைத்ததில்லை.

"அப்பா, இதுக்குள்ள ரெண்டு சிஸ்டம் இருக்கு. ஆபீஸ் வேலைக்கு லினக்ஸ். விளையாட்டுக்கு விண்டோஸ். ஆயுதம்னா லினக்ஸ் மட்டும்தானே?"

அப்பாவின் கண் விரிந்தது. "ஒரே பெட்டியில ரெண்டா? ஒண்ணு முழிச்சிருந்தா இன்னொண்ணு என்ன பண்ணும்?"

"தூங்கும்."

"அப்ப நான் வச்ச பொட்டு யாருக்குச் சேரும்?"

"லினக்ஸுக்கு மட்டும்."

அப்பாவுக்கு நியாயமாகத்தான் பட்டது. "சரி, ஆயுதத்தை எழுப்பாம மத்ததை எழுப்பு. நானும் பாக்கணும்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மணி மூன்று ஐம்பதுக்கு கணேஷ் லேப்டாப்பை ஆன் செய்தான். எது வேண்டும் என்று கேட்டு, திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. பத்து நொடிக்குள் கீழே விண்டோஸுக்கு இறங்காவிட்டால் லினக்ஸ் தானாகத் திறந்துகொள்ளும். இறங்கும் பட்டனை அழுத்தினான். அசையவில்லை. சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

"உள்ளேயுமா வச்சீங்க?"

"பட்டனும் உழைக்குதேப்பா!"

நகத்தால் சுரண்டுவதற்குள் லினக்ஸ் திறந்துவிட்டது. கூடவே ஆபீஸ் சாட்டும் திறந்து, அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வைத்தது. அடுத்த நிமிஷம், எல்லாரையும் கன்னடத்தில் 'மாராயா' என்று செல்லமாகக் கூப்பிடும் மேனேஜர் உமேஷ் போனில் வந்தார்.

"நீயாவது இருக்கியே மாராயா! கிளையண்ட் உயிரை வாங்குறார்."

"சார், என் லேப்டாப் பூஜையில இருக்கு."

"பூஜையில இருந்தா பச்சை எப்படி எரியுது?"

கணேஷ் நகத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தான். என்ன சொல்லப்போகிறான் என்று அப்பாவும் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயுதம்தான் முழிச்சாச்சே, வேலையைப் பாரு" என்றார் கடைசியில். வேலை முடிய ஏழு மணி ஆயிற்று. ஃபைனல் போயே போயிற்று. அழுகை வராத குறை.

"நாளைக்கும் நாலு மணிக்கு கிளையண்ட்டோட உட்காருவியா?" என்றார் உமேஷ். நாளை விஜயதசமி, மைசூரே யானை ஊர்வலம் பார்க்கக் கிளம்பிவிடும். இனி என்ன போனால் என்ன என்ற வெறுப்பில் கணேஷ் சரி என்றான். உமேஷ் கையோடு கிளையண்ட்டுக்கு அவன் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்.

பிறகுதான் டீம் நண்பன் சிவகுமாருக்கு போன் போட்டான். "மன்னிச்சுக்கடா. மேட்ச்சுக்கு வர முடியல."

"எந்த மேட்ச்சுக்கு? காலையிலேயே கேம்ல மெசேஜ் போட்டேனே, திறக்கவேயில்லையா? எதிர் டீம்ல அஞ்சு பேரோட கம்ப்யூட்டரும் பூஜையில இருக்குடா. ஃபைனல் நாளைக்கு நாலு மணிக்கு!"