சுகம் என்று சொன்ன குற்றம்

ரூ பிலிப்-து-ஜிரார்,
லா ஷப்பல், பாரிஸ்.
ஐப்பசி 2014

என் மதிப்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயத்துக்கும் உரிய மகேந்திரராசா அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் மகாலிங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் கோசலையும் இங்கே நல்ல சுகம். அதுபோல நீங்களும் அக்காவும் அங்கே சுகமாயிருக்க அதே பிள்ளையார் துணை நிற்பாராக.

நிற்க. நிற்க என்று எழுதுகிறேனே ஒழிய, என்னால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க ஏலாது. இடுப்பு போய்விட்டது அத்தான். இவ்வளவு காலமும் ஒரு பிரெஞ்சுக்காரரின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன் என்பது உங்களுக்குத் தெரியும். போன வருடம் ஒரு நாள் சூப் அண்டாவைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அண்டா திரும்பியது, நான் திரும்பினேன், முதுகெலும்பு மட்டும் திரும்பாமல் நின்றுவிட்டது. பாரம் தூக்கப்படாது என்றார் டொக்டர். பாரம் தூக்காதவன் எனக்கு வேண்டாம் என்றார் முதலாளி. அதற்குப் பிறகு, வேலையில்லாதவர்களுக்கு மாதாமாதம் அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணத்தில்தான் வீட்டு வாடகை போனது. அதையும் வெட்டினார்கள். அதை எதிர்த்து நான் வழக்குப் போட்டேன். ஓம் அத்தான், நான்தான். உங்களுக்கு முன்னால் கதிரையில் இருக்கப் பயப்படுகிற அதே மகாலிங்கம்தான். பிரான்ஸ் தேசத்து அரசாங்கத்தின் மேல்.

அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் தலைமை எழுதுவினைஞராய் இருந்த நீங்கள் அடிக்கடி ஒன்று சொல்லுவீர்கள். "கந்தோர் ஒருக்கா எழுதினது எழுதினதுதான், பிரமன் இறங்கி வந்தாலும் அழிக்கேலாது." அத்தான், இங்கே அழித்துப்போட்டார்கள். அதை உங்களுக்கு எழுதாமல் எனக்கு நித்திரை வராது.

நடந்தது இதுதான். உதவிப்பணம் எடுக்கிறவர்கள், அதைக் கொடுக்கிற கந்தோர் கூப்பிடுகிற நாளில் போய் முகம் காட்ட வேண்டும். அவர்கள் கூப்பிட்ட அன்று விடியக் காலமை கட்டிலால் எழும்பப் பார்த்தேன். தலை எழும்பியது, மனம் எழும்பியது, இடுப்பு எழும்பவில்லை. கோசலை அதற்கு முன்னமே துப்புரவு வேலைக்குப் போய்விட்டாள். அவள் வரும்வரை முகட்டைப் பார்த்தபடி கிடந்தேன். வந்தவள் டொக்டரைக் கூப்பிட்டு, அவர் எழுதிக் கொடுத்ததை அன்றே கந்தோருக்கு அனுப்பிவிட்டாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விசயம். இரண்டொரு நாளில் கந்தோரிலிருந்து ஒரு மதாம் டெலிபோன் எடுத்தா. குரல் தேன்குரல். எடுத்தவுடனே, "எப்படி இருக்கிறீர்கள் மெஸ்யூ?" என்று கேட்டா. ஒரு பெரிய கந்தோர்ப் பொம்பிளை என்னுடைய சுகம் விசாரிக்கிறாவே என்று எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் வேறை என்ன சொல்லுறது? "த்ரே பியான், மெர்சி மதாம்" என்றேன். மிக நல்ல சுகம், நன்றி அம்மா. கட்டிலில் மல்லாந்து கிடந்துகொண்டு, காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்துக்கொண்டு சொன்னேன். அவ அதை அப்படியே பதிந்துவிட்டா.

பிறகு நேரில் வந்து விளக்கம் சொல்லும்படி அழைப்பு வந்தது. கந்தோருக்குப் போகிறவன் நோயாளிக் கோலத்தில் போகலாமா? கோசலை விடியவே எழும்பி என் வெள்ளைச் சேட்டை அயர்ன் பண்ணினாள். கலியாண வீட்டுக்குப் போடுகிற கோட்டைப் போட்டேன். தலைமயிருக்குக் கறுப்படித்தேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பெரிய சட்டி நிறைய உழுந்து வடை சுட்டுப் பையில் தந்தாள். அங்கே போனால் மதாமுக்கு முன்னால் கதிரையில் இருக்க மனம் வரவில்லை, நின்றேன். ஒரு வயது போன மனிசி வந்தா, கதிரையைத் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டேன். "முதுகு நோ எப்படி?" என்று மதாம் கேட்டா. "பிரச்சினை இல்லை மதாம்" என்று சிரித்தேன். வடையை நீட்டினேன். பரிசுப்பொருள் வாங்கக்கூடாதாம், திருப்பித் தந்தா. அடுத்த கிழமை முடிவு வந்தது. "இந்த நபர் திடகாத்திரமாக இருக்கிறார். விசாரணை முழுவதும் நின்றபடி இருந்தார். பாரமான பையும் கதிரையும் தூக்கினார். சுகமாக இருப்பதாகத் தானே சொல்கிறார். எனவே அன்று வராததற்குக் காரணம் இல்லை." உதவிப்பணம் நிறுத்தம்.

கோசலைக்கு வந்த கோபத்தை நான் எழுதப்போனால் தாள் பற்றிக்கொள்ளும். "இஞ்சேருங்கோ, நீங்கள் கந்தோருக்குப் போனனீங்களோ, மாப்பிள்ளை பாக்க ஆக்கள் வந்த மாதிரிப் போய் நிண்டனீங்களோ? நோகுது எண்டு ஒரு வார்த்தை வாயாலை வந்தா முத்தே உதிர்ந்திடும்?" சேட்டை அயர்ன் பண்ணியது ஆர், வடை சுட்டது ஆர் என்று கேட்க எனக்கும் வாய் இருந்தது. ஆனால் இடுப்பு நோகிறவன் மனிசியோடு வாய் காட்டக்கூடாது, ஓட ஏலாது. அவள் பின்னேரத்திலும் ஒரு வேலை பிடித்தாள். வீட்டுக்காரன் இரண்டு தரம் கதவைத் தட்டிவிட்டான். நான் படுத்துக் கிடந்து, அவள் சப்பாத்து மாட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதைப்போல ஒரு கேவலம் எனக்கு வாழ்க்கையில் வரவில்லை அத்தான்.

அந்த நேரத்தில்தான் ரூ காய் தெருத் தேத்தண்ணிக் கடையில் லூர்துசாமி என்னைப் பிடித்துக்கொண்டார். இவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை பார்த்துப் பென்சன் எடுக்கிறவர். "இன்னாய்யா மகாலிங்கம், மூஞ்சி இப்படித் தொங்குது?" என்றார். சொன்னேன். "இவ்ளோதானா? போடு கேஸு!" என்றார். எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. அரசாங்கத்தின் மேலா? எங்கடை ஊரில் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டால், அடுத்த நாள் வழக்குப் போட்டவனைத் தேட இன்னொரு வழக்குப் போட வேண்டும். "யோவ், வக்கீலுக்குக் காசு இல்லன்னா அதையும் சர்க்காரே குடுக்கும்யா" என்றார். என்னைப் பகிடி பண்ணுகிறார் என்று கோபித்துக்கொண்டு எழும்பப் பார்த்தேன். எழும்ப ஏலவில்லை. அதனால்தான் மீதியையும் கேட்டேன்.

உண்மைதான் அத்தான்! தனக்கு எதிராக வாதாட, தன் செலவிலேயே எனக்கு ஒரு வழக்கறிஞரைப் பிடித்துத் தந்தது இந்த அரசாங்கம். வள்ளல்களைப்பற்றிப் படித்திருக்கிறோம், தன்னைக் குத்த வருகிறவனுக்குக் கத்தி தீட்டிக் கொடுத்த வள்ளலை நான் எங்கேயும் படிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் பெயர் ஆரெலி. ஸ்கூலுக்குப் போகிற பிள்ளை போல முதுகில் பை. என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவ சொன்னது ஒன்றுதான். "மெஸ்யூ, எங்களுக்கு ஒரே ஒரு எதிரிதான் இருக்கிறார். அது உங்கள் வாய். நீதிமன்றத்தில் யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்."

அன்றிலிருந்து வீட்டில் பாடம் நடந்தது. கோசலைதான் வாத்தியார். விடிய இஞ்சித் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்து, "சவா?" என்பாள். சுகமோ என்று அர்த்தம். நான் "இல்லை, சரியா நோகுது" என்று சொன்னால்தான் தேத்தண்ணி. அத்தான், அது வாயில் வராது! விடியக் காலமை, விளக்குக் கொளுத்தின வீட்டில், மங்கலமாய் ஒருத்தி வந்து கேட்கும்போது நோகுது என்று சொல்ல என்னவோ பிள்ளையாரைத் திட்டுகிற மாதிரி இருக்கும். பல நாள் தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பழகினேன்.

வழக்கு நாள் வந்தது. நீதிமன்ற வாசலில் ஒரு காவல்காரன். நான் கையைத் தூக்கிக்கொண்டு சோதனைக்கு நின்றேன். அவன் "போன்சூர் மெஸ்யூ" என்று கதவைத் திறந்துவிட்டான். உள்ளே முகடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தபடி நிற்க, எனக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் ஒரு காலில் எலும்பு முறிவுக்குப் போடுகிற மாப்பத்துக் கட்டோடு, இரண்டு கைத்தடியில், தோளில் ஒரு பெரிய பையும் போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வந்தார். பாவம் மனிசன். நான் கையை நீட்டிப் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அவருடைய மேசையில் வைத்தேன். அப்போதுதான் ஆரெலியின் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர்தான் எனக்கு எதிராகப் பேச வந்த கந்தோர்ப் பிரதிநிதி. நான் தூக்கி வந்தது எனக்கு எதிரான கோப்புகள். எனக்குப் பாரம் தூக்க ஏலாது என்பதுதான் வழக்கு. கோசலை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீதிபதி ஒரு அம்மா. நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. வந்து இருந்ததும், காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றா. என்னட்டை, அத்தான்! ஒரு நீதிபதி மகாலிங்கத்தட்டை மன்னிப்புக் கேட்டா! எனக்குக் கண் கலங்கிவிட்டது, பாடமெல்லாம் பறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவ நேரே என்னைப் பார்த்து, "மெஸ்யூ, இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டா.

ஆரெலி என்னைப் பார்க்கிறா. கோசலை என்னைப் பார்க்கிறாள். லூர்துசாமி பின் வரிசை வாங்கில் சிலுவை போடுகிறார். பை தூக்கியதில் என் இடுப்பில் நெருப்பு எரிகிறது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன், நெற்றியால் வேர்வை ஒழுகுகிறது. வாயைத் திறந்தேன்.

"த்ரே பியான், மெர்சி மதாம்."

கோசலை நெற்றியில் அடித்த சத்தம் முகடு வரை கேட்டது. கந்தோர்ப் பிரதிநிதி கைத்தடிகளை ஊன்றி எழும்பினார். "பாருங்கள் அம்மா, அவரே சொல்கிறார். என் பையையும் அவர்தான் தூக்கி வந்தார், அதற்கு நன்றி" என்றார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினா. மேசையைப் பிடித்திருந்த என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு மெல்ல மற்றப் பக்கம் திரும்பி, "நீங்கள் மெஸ்யூ? நீங்கள் இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டா.

"த்ரே பியான், மெர்சி மதாம்" என்றார் அவர், மாப்பத்துக் காலைத் தூக்கிப் பிடித்தபடி.

முதலில் லூர்துசாமிதான் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அந்தக் கந்தோர்க்காரரும் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. எதையோ எழுதினா. எழுதி முடித்து, "இரண்டு பேரும் தயவுசெய்து இருங்கள்" என்றா. ஒரு நீதிபதிக்கு முன்னால் நான் முதன்முதலாகக் கதிரையில் இருந்தேன்.

தீர்ப்பு வீட்டுக்கு வந்தது. நிறுத்தியது பிழை, தொடக்கத்திலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும், மரியாதைக்குச் சொல்லும் சொல் வைத்தியச் சான்றிதழ் ஆகாது என்று எழுதியிருந்தது. ஆனால் என்னை அசைத்தது அதன் தலைப்பு அத்தான். "பிரெஞ்சு மக்களின் பெயரால்" என்று போட்டிருக்கிறது. லூர்துசாமி மூன்று தரம் வாசித்துக் காட்டினார். யோசித்துப் பாருங்கள், இந்தத் தேசத்துச் சனம் முழுவதும், பாண் கடைக்காரி, மெத்ரோவில் டிக்கெட் பார்க்கிறவன், என்னை வேலையால் நிற்பாட்டிய முதலாளிகூட, எல்லாரும் சேர்ந்து, மகாலிங்கத்துக்கு உண்மையிலேயே இடுப்பு நோகிறது என்று கையெழுத்து வைத்த மாதிரி இல்லையோ? கோசலை அதைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமப் பொட்டு இட்டுவிட்டாள். வீட்டுக்காரனுக்கு வாடகை போய்விட்டது. அவள் பின்னேர வேலையை விட்டுவிட்டாள்.

அத்தான், ஒன்று கேட்கிறேன், கோபிக்கவேண்டாம். 2009 ஆனியில் ஒரு நாள், சண்டை முடிந்து உங்களை அடைத்து வைத்த முகாமின் முள்ளுக்கம்பிக்குள் இருந்து ஆருடையதோ போனில் எனக்குக் கதைத்தீர்கள். மாதக்கணக்காய் உயிரோடு இருக்கிறீர்களோ என்று தெரியாமல் இருந்தோம். எடுத்ததும் உங்கள் முதல் வார்த்தை, "நாங்கள் சுகம். நீ சுகமோ?" நானும் "நல்ல சுகம் அத்தான்" என்றேன். உங்கள் காலில் செல் குண்டின் துண்டு இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் அன்று நாலு நாளாய்ச் சாப்பிடவில்லை என்பது உங்களுக்கு இன்றைக்குத்தான் தெரியும். அந்த நீதிபதி அம்மா அன்று என்னைப் பார்த்தபோது, அந்தப் போன் கதையையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறா என்றுதான் எனக்குப் பட்டது. ஆகையால் இதற்கு மறுமொழி போடும்போது, சுகம் என்று தொடங்காமல், அந்தக் கால் இப்போது எப்படி நோகிறது என்று முதல் வரியிலேயே எழுதுங்கோ. நானும் இனிமேல் ஒருவருக்கும் சுகம் என்று பொய் சொல்லப்போவதில்லை. கோசலையும் பிள்ளையாருக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் காலடியில் என் வணக்கம், நோகாத காலடியில்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
மகாலிங்கம்

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போக டெலிபோன் அடித்தது. கந்தோரிலிருந்து ஒரு புது மதாம். என்னுடைய வாயை நம்பாமல் கோசலையே பறித்து எடுத்தாள். மெஸ்யூ எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறா. சத்தியம் வாங்கின கோசலை, முகமெல்லாம் பல்லாக, "த்ரே பியான், மெர்சி மதாம்! நீங்கள் சுகமோ?" என்றாள். திங்கட்கிழமை நேரில் வரட்டாம். இப்போது குசினியில் உழுந்து ஊறுகிறது.