கோடு விழாத வண்டி

“சார், உங்க வண்டி எங்க?” என்று மெக்கானிக் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“வண்டி எதுவும் இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்,” என்றார் குடிநீர் அலுவலகக் கண்காணிப்பாளர்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, மடியில் நீளமான நோட்டு. இப்படி ஒரு மனிதர் காலை ஒன்பது மணியிலிருந்து ஒர்க்ஷாப் வாசல் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் எந்த மெக்கானிக்குக்குத்தான் சந்தேகம் வராது? வரி ஆபீஸாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நடைபாதையில் நிறுத்தியிருந்த ஆறு வண்டிகளை உள்ளே தள்ளினார். புதிதாக வந்த இரண்டு பேரைக் கண்ஜாடை காட்டி அப்படியே திருப்பி அனுப்பினார்.

கண்காணிப்பாளருக்குப் பகீரென்றது. வண்டிகளைத் திருப்பி அனுப்பினால் அவர் எதை எண்ணுவது?

அவர் எண்ண வந்த கதை இதுதான். அவருடைய மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பதினோரு வருடம் பிறர் கைநரம்பைத் தேடித் தேடி ஊசி குத்தியதற்குப் பலனாக, ஊரின் மறுகோடியில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவளையே பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்கள் காத்திருக்க மாட்டார்கள், திட்டுவார்கள். அந்தப் பக்கம் முதல் பஸ்ஸோ ஏழரைக்குத்தான்.

“எனக்கு ஒரு சின்ன ஸ்கூட்டர் வேணும். ஒழுங்கா கிளம்பணும், ஒழுங்கா போய்ச் சேரணும். அவ்வளவுதான்,” என்றாள் அவள். “நான் சிட்டு வண்டியே வாங்கிக்கறேன். எங்க லேப்ல எல்லாரும் அதுதான் வச்சிருக்காங்க.”

“எல்லாரும் வச்சிருக்காங்கன்னு ஒண்ண வாங்கலாமா? நான் பாத்துச் சொல்றேன்.”

“பத்து நாள்தான் இருக்கு. திங்கக்கிழமை ஆறரைக்கு நான் கதவத் திறக்கலேன்னா சாவிய எங்க லேப்ல இருக்கற இன்னொருத்திகிட்ட குடுத்துடுவாங்க. அவ இப்பவே மேனேஜர்கிட்ட, தன் வீடு அங்க பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டா.”

“பத்து நாள் ரொம்ப ஜாஸ்தி,” என்று அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருந்தது. குடிநீர் அலுவலகத்தில் அவர் புகார்ப் பிரிவுக் கண்காணிப்பாளர். இரண்டு வருடமாக அவருடைய பிரிவுக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை. அதற்காகத் தலைமை அலுவலகம் கொடுத்த சான்றிதழ் கண்ணாடி போட்டு அவர் தலைக்கு மேலே தொங்குகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு மழை ஒழுகிய மூலையிலிருந்து இரும்பு பீரோவை நகர்த்தியபோது புகார்ப்பெட்டி அதன் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது என்பதையும், புகார் நின்றது அதே வாரம் என்பதையும் அவர் சேர்த்துப் பார்த்ததில்லை. எல்லாம் தம் நிர்வாகத் திறமை என்றே மனதார நம்பினார். அவருடைய வாழ்க்கைத் தத்துவமும் இதிலிருந்து முளைத்ததுதான்: புகார் வராத பொருளே நல்ல பொருள்.

ஆகவே வழி எளிது. வீட்டிலிருந்து புதுக் கிளைக்குப் போகும் சாலையில் இருந்த பெரிய ஒர்க்ஷாப்பின் வாசலில் உட்கார வேண்டும். எந்த வண்டி எத்தனை தடவை பழுதுக்கு வருகிறது என்று கோடு போட வேண்டும். எதற்குக் கோடே விழவில்லையோ அதை வாங்க வேண்டும்.

மெக்கானிக்கையே கேட்டுவிடலாமே என்று மனைவி சொன்னாள்.

“நீ ஒரு வெகுளி. அடிக்கடி கெட்டுப்போற வண்டியதான் அவன் நல்ல வண்டின்னு சொல்லுவான். அவன் பொழப்பே அதுதானே. ஆளு பொய் சொல்லலாம், எண் சொல்லாது.”

விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் வராததை அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை.

பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் ஏதோ விளம்பரத் தகரம் போல ஒன்று அடித்திருந்தது. பாதிக்கு மேல் துரு. வெள்ளைச் சட்டையில் கறை படிந்தால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். ஆகவே வந்ததும் நாளிதழை அகல விரித்துத் தகரத்தின் மேல் விளிம்பில் செருகி, அதில் வசதியாகச் சாய்ந்துகொண்டிருந்தார்.

மெக்கானிக்கின் அக்கா பில் போடும் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“சார், அந்தப் பேப்பரு...”

“போகும்போது எடுத்துடறேன்மா.”

“அதுக்கில்ல சார், அங்க...”

“எடுத்துடறேன்னு சொன்னேனே.” ஆபீசில் மனுவோடு வருபவர்களை அவர் இப்படித்தான் பாதி வாக்கியத்தில் வெட்டி அனுப்புவார். அக்கா உள்ளே போய்விட்டார். வரி ஆபீஸ்காரரிடம் யார் வாயைக் கொடுப்பது?

முதல் நாள் முழுக்க மூன்றே கோடுகள். மெக்கானிக்கின் பயம் தெளிந்தால்தான் வேலை நடக்கும் என்று கண்காணிப்பாளருக்குப் புரிந்தது. மறுநாள் தம்முடைய பழைய ஸ்கூட்டரையே ஓட்டிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வருட வண்டி. கொஞ்சம் இருமும், ஆனால் தினமும் கிளம்பும். புது வண்டி அமையாவிட்டால் திங்கட்கிழமை அதையே எடுத்துக்கொள்வதாக மனைவி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள்.

“லேசா ஒரு சத்தம் வருது. நிதானமா பாருங்க. அவசரமே இல்ல.”

வரி ஆபீஸ் இல்லை, வெறும் வாடிக்கையாளர் என்றதும் மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் பத்து நிமிடத்தில் சரி செய்துவிட்டார். “ஒரு நட்டு லூஸா இருந்தது சார். காசு வேணாம், எடுத்துட்டுப் போங்க.”

கண்காணிப்பாளருக்குத் திக்கென்றது. இன்னும் எட்டு நாள் உட்கார வேண்டுமே.

“இன்னொரு சத்தமும் இருக்கு,” என்றார்.

“எப்படி வருது?”

இல்லாத சத்தத்தை எப்படிச் சொல்வது? அவர் கொஞ்சம் யோசித்து, உதட்டைக் குவித்து, “க்ளுக்... க்ளுக்...” என்றார்.

மெக்கானிக் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். “ஏறும்போதா, இறங்கும்போதா?”

“ரெண்டுக்கும் நடுவுல.”

மெக்கானிக் மனிதர் தொழில் பக்தி உள்ளவர். இருபத்தைந்து வருடத்தில் அவர் கண்டுபிடிக்காத சத்தம் கிடையாது. கார்புரேட்டரைக் கழற்றினார். க்ளுக் அங்கே இல்லை. மறுநாள் கிளட்சைக் கழற்றினார். அங்கேயும் இல்லை. “இப்ப அந்தச் சத்தம் மாறிட்டது, கடகடன்னு மிக்ஸியில கல்லு விழுந்த மாதிரி,” என்று கண்காணிப்பாளர் நாலாம் நாள் சொன்னதும், மெக்கானிக் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு இன்ஜினையே இறக்கிவிட்டார்.

பெஞ்சில் வேலை மும்முரமாக நடந்தது. சிட்டு வந்தது, கோடு. சிட்டு வந்தது, இன்னொரு கோடு. வேறு கம்பெனி வண்டிகளும் வந்தன, ஐந்து, எட்டு என்று. நோட்டின் கடைசிக் கட்டம் மட்டும் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அந்தக் கட்டத்தின் தலையில் ‘அன்னம்’ என்று எழுதியிருந்தார். நீண்ட கழுத்தும் உருண்டை விளக்குமாகத் தெருவில் எப்போதாவது தென்படும் ஸ்கூட்டர். ஒர்க்ஷாப் பக்கம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒருவர் அன்னத்தைத் தள்ளிக்கொண்டு சாலையின் எதிர்ப்புறமாகப் போனார். முன்பே ஒரு முறை இங்கே வந்து திரும்பியவர் போல ஒர்க்ஷாப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாரே தவிர, நிற்கவில்லை. ஏழாம் நாள் ஒரு பெண்மணியும் அப்படியே தள்ளிக்கொண்டு போனார். கோளாறு என்றால் உள்ளே வந்திருப்பார்களே என்று கண்காணிப்பாளர் தர்க்க ரீதியாக யோசித்தார். பிறகு நோட்டின் ஓரத்தில், ‘அன்னம் வைத்திருப்பவர்களுக்கு நேரத்துக்குப் பெட்ரோல் போடும் பழக்கம் குறைவு’ என்று குறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நோட்டை மனைவியிடம் நீட்டினார். “பாத்தியா, சிட்டுக்கு நாப்பத்தொம்போது கோடு. அன்னத்துக்கு முட்டை.”

“ஊர்ல பத்துல எட்டு பேரு சிட்டுதானே ஓட்டறாங்க. அப்ப கடைக்கும் அதுதானே அதிகமா வரும்?”

“அது வேற.”

“எது வேற?”

அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். முதுகில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒர்க்ஷாப்புக்குப் போனபோது அவருடைய பழைய ஸ்கூட்டர் எலும்புக்கூடாக நின்றது. இன்ஜின் இரண்டு மண்ணெண்ணெய்த் தட்டுகளில் ஊறிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் கண்கள் சிவந்திருந்தன.

“சார், உங்க சத்தத்த நான் விடறதா இல்ல. சிலிண்டர கடைசல் பட்டறைக்கு அனுப்பியிருக்கேன். இன்னும் பதினஞ்சு நாள் குடுங்க.”

“நாளைக்கு வேணுமே.”

“நீங்கதானே சார் அவசரமே இல்லன்னு சொன்னீங்க?”

இதை வீட்டில் சொன்னபோது மனைவி கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கே இருவரும் வண்டி வாங்கப் போனார்கள். சிட்டு கடைக்கும் அன்னம் கடைக்கும் ஒரே படிக்கட்டு. இடது பக்கம் வெள்ளைச் சிட்டு ஒன்று உடனே எடுத்துக்கொண்டு போகும்படி தயாராக நின்றது. அவள் அதன் சீட்டில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அம்பத்தொம்போது கோடு,” என்று அவர் காதருகே மெல்லச் சொன்னார்.

அவள் கையை எடுத்தாள். “சரி. உங்க நோட்டு சொல்றபடியே வாங்குங்க. பதினோரு வருஷம் நின்னுகிட்டே வேலை பாத்துட்டேன், நாளைக்குத்தான் எனக்குன்னு ஒரு நாற்காலி போடறாங்க. அத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.”

அந்தக் குரல் லேசாக நடுங்கியது. ஒரு கணம் அவருடைய மனமும் ஆடிப்போயிற்று. ஆனால் கையில் நோட்டு இருந்தது.

வலது பக்கக் கடையில் விற்பனையாளர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

“இந்த வண்டி எப்படி?” என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

“சார், பொய் சொல்ல மாட்டேன். எங்ககிட்ட அன்னம் வாங்கினவங்க ஒருத்தர்கூட இந்த வண்டியில திரும்பி வந்து குறை சொன்னதில்ல.”

கண்காணிப்பாளர் மனைவியைப் பெருமிதத்தோடு பார்த்தார். விற்பனையாளர் முகத்தில் சிரிப்பே இல்லை.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினார்கள். அவள் ஓட்டினாள். முதல் நாள் துணைக்கு என்று சொல்லி அவரும் பின்னால் ஏறிக்கொண்டார். அன்னம் அருமையாகப் போயிற்று. “பாத்தியா?” என்று பாலம் தாண்டியதும் கேட்டார். “பாத்தியா?” என்று பள்ளிக்கூடம் தாண்டியதும் கேட்டார். மூன்றாவது முறை கேட்க வாயைத் திறந்தபோது வண்டி ஒரு விக்கல் எடுத்தது. பிறகு அடியிலிருந்து, “க்ளுக்... க்ளுக்...” என்று ஒரு சத்தம் வந்தது.

அச்சு அசலாக அவர் உதட்டைக் குவித்துச் செய்து காட்டிய சத்தம். அன்னம் நின்றது.

உதைத்தார், குலுக்கினார், மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். தளும்பத் தளும்ப இருந்தது. மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு ஐந்து. அவள் கண் கலங்கியிருந்தது. அவர் சமாளித்தார். “நம்ம நல்ல நேரம், ஒர்க்ஷாப் பக்கத்துலயேதான் நின்னிருக்கு. அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவாங்க.”

தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த மெக்கானிக், வருவது இன்ன வண்டி என்று பார்த்ததும் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். கீழே அக்கா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“அவரக் கொஞ்சம் இறங்கச் சொல்லுங்கம்மா. புது வண்டி. ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.”

அக்கா அவரைப் பார்க்கவில்லை. அவருடைய மனைவியைப் பார்த்தார். “எங்கம்மா போகணும்?”

“புது லேப். ஆறரைக்குத் திறக்கணும்க்கா.” குரல் உடைந்தது.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார், ஓரமாக நின்றிருந்த தம்முடைய பழைய சிட்டைத் திருப்பி நிறுத்தி ஒரு உதை உதைத்தார். அது உடனே கிளம்பிற்று.

“ஏறும்மா. பத்து நிமிஷம்தான்.”

மனைவி ஏறி உட்கார்ந்தாள்.

“அதுலயா போற? அம்பத்தொம்போது தடவ ரிப்பேருக்கு வந்த வண்டி,” என்று கண்காணிப்பாளர் பதறினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, ஒன்பது நாளா நானே கண்ணால பாத்தேன். இந்தக் கடைக்கு ஒரு அன்னம்கூட வந்ததில்லையே?”

அக்கா சிட்டை உறும விட்டபடி, பெஞ்சுக்குப் பின்னால் இன்னும் செருகியே இருந்த நாளிதழை நோக்கி முகவாயை நீட்டினார்.

“அன்னம் வண்டிய இங்க எடுக்க மாட்டோம்னு எழுதின போர்டுமேலதான் சார், ஒன்பது நாளும் நீங்க சாஞ்சு உக்காந்திருந்தீங்க.”