மஞ்சள் வயர், சிவப்பு வயர், பெரியம்மா

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தங்கள் வேலைக்குத் தூரத்துச் சொந்தமான எந்த வேலையும் தங்களுக்குத் தெரியும் என்று நம்புவார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நான் சோதனைப் பொறியாளர். நகத்தைவிடச் சிறிய சில்லுக்குள் மின்சாரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவனுக்கு அப்பாவின் பழைய காரில் ஒரு புது ரேடியோவை மாட்டுவது ஒரு வேலையா? (வேலைதான். அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. அந்தக் கடைகளில் ஆட்களும் இருக்கிறார்கள்.)

அந்தக் காருக்கு அப்போது ஏறக்குறைய என் வயது. அதைத் துடைப்பதில் காட்டிய அக்கறையில் பாதியை அப்பா என் படிப்பில் காட்டியிருந்தால் நான் டாக்டராகியிருப்பேன். அதிலிருந்த கேசட் ரேடியோ நான் பள்ளியில் படிக்கும்போதே ஊமையாகிவிட்டது. தீபாவளிக்கு அப்பாவுக்குப் பரிசாக, கைப்பேசியோடு இணைகிற தொடுதிரை ரேடியோ ஒன்றை வாங்கிவந்தேன்.

"கடையில குடுத்து மாட்டிக்கலாம் தம்பி" என்றார் அப்பா. அவர் வாழ்க்கையில் சொன்ன மிகச் சரியான வாக்கியம் அதுதான். நான் சிரித்தேன்.

அந்த வருடம் எங்கள் ஜெலுத்தோங் வீட்டில் தீபாவளிக்குத் தெருவையே விருந்துக்கு அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்பு சாதாரணமானது அல்ல. அக்கா கோமளா முகிலன் என்பவரை நான்கு வருடமாக விரும்பிக்கொண்டிருந்தாள். முகிலனின் அம்மா சரோஜா ஆன்ட்டி தாசேக் கெலுகோரிலிருந்து முதல் முறையாக வருகிறார். பெண் பார்க்க அல்ல, சும்மா முறுக்கு சாப்பிட என்று இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு வீட்டிலும் பொய். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் நெய்யுருண்டையை ஒரு கடி கடித்துவிட்டு, மீதியைத் தட்டிலேயே வைத்து, "இந்த இடம் வேணாம்" என்று எழுந்து வந்தவர் அவர் என்று ஒரு செய்தி, எங்கள் தீவை இணைக்கும் கடற்பாலத்தைத் தாண்டி எங்கள் வீடு வரை வந்திருந்தது. அம்மா தூக்கத்தை விட்டார். அக்கா சாப்பாட்டை விட்டாள். வீட்டில் நிம்மதியாக இருந்தவன் நான் ஒருவன்தான்; எனக்கு ரேடியோ இருந்தது.

இந்த மாதிரி ரேடியோவுக்கு மின்சாரம் இரண்டு வயர்களில் வருகிறது. மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வர வேண்டியது. அது இருந்தால்தான் ரேடியோவுக்கு நேற்று வைத்த அலைவரிசை இன்று ஞாபகம் இருக்கும். சிவப்பு, சாவி வழியாக வர வேண்டியது. சாவியைத் திருப்பினால் ரேடியோ விழிக்கும், எடுத்தால் தூங்கும். காரின் பழைய சொக்கெட்டோடு புது ரேடியோவை எதையும் வெட்டாமல் இணைக்க, தயாராக ஓர் இணைப்பு வயர் விற்கிறார்கள். அது சின்னப் பிள்ளைகளுக்கான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றியது. ஆகவே பழைய சொக்கெட்டை, அம்மா மீனுக்குச் செட்டை வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தேன்.

எறிந்த பிறகுதான் ஒரு சிறு குறை தெரிந்தது. மிச்சமிருந்த வயர்களில் எது சாவி வயர் என்று எனக்குத் தெரியாது. வேலையிடத்தில் ஒரு வீட்டின் விலை பெறும் கருவிகளை வைத்து அளக்கிறவனிடம் வீட்டில் ஒரு சாதாரண மீட்டர்கூட இல்லை. ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தேன். ஒன்று ஃபியூஸைக் காவு வாங்கியது. ஒன்று ஒன்றுமே செய்யவில்லை. ஒன்று மட்டும் தொட்டவுடன் பொறி பறக்க எப்போதும் உயிரோடு இருந்தது. உயிருள்ளதை நம்பு என்று மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி அதோடு கட்டி, கறுப்பு டேப்பைச் சுற்றினேன். திரை ஒளிர்ந்தது. நானும் ஒளிர்ந்தேன்.

சாவியை எடுத்தேன். திரை அணையவில்லை. நல்ல பொறியாளர் இந்த இடத்தில் "தவறு" என்று எழுதுவார். நான் அப்பாவிடம், "சாவி இல்லாமலே பாட்டு கேக்கலாம்ப்பா, எவ்ளோ வசதி பாருங்க" என்றேன். மறுநாள் காலை கார் கிளம்பவில்லை. பேட்டரி பழசு என்றேன். அப்பா என்னை நம்பிப் புது பேட்டரி வாங்கினார். (அந்த நம்பிக்கைதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. பேட்டரி அல்ல.)

இன்னொன்றும் இருந்தது. பழைய ரேடியோ உட்கார்ந்திருந்த ஓட்டை புது ரேடியோவுக்குக் கொஞ்சம் பெரிது. அதற்கென்று பெட்டியில் ஓர் இரும்புச் சட்டம் கொடுத்திருந்தார்கள். அது பெட்டி நசுங்காமல் இருக்க வைத்த தகரம் என்று முடிவுசெய்து குப்பையில் போட்டுவிட்டிருந்தேன். இடைவெளியில் பிஸ்கட் டப்பா அட்டையை மடித்துச் செருகி, இருபக்கமும் ஒட்டுகிற டேப்பைப் போட்டேன். நெற்றிக்கு மேலே வெயில் மறைக்கும் பலகையில் மைக்கை மாட்டினேன். அழைப்பு வந்தால் ரேடியோ தானாகவே எடுத்துப் பேச வைக்கும் வசதியையும், யாரும் கேட்காமலேயே, முடுக்கிவிட்டேன்.

உபசரிப்பு நாளன்று வாசலில் கூடாரம். காரைத் தெருவோரமாகக் கூடாரத்தை ஒட்டி நிறுத்தினோம். அப்பா ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கப் போனார். நான் தடுத்தேன். "நம்ம காடியே இருக்கு, எதுக்குப்பா வாடக?" (எங்கள் ஊர்ப் பேச்சில் கார்தான் காடி.) நான்கு கதவுகளையும் திறந்து வைத்து, பழைய பாட்டெல்லாம் அம்மாவின் கைப்பேசியில்தான் இருந்ததால் அதை ரேடியோவோடு இணைத்தேன். அம்மா கைப்பேசியைப் பத்திரமாக எங்கோ வைத்தார். அம்மா பத்திரமாக வைத்த பொருள் அம்மாவுக்கே கிடைக்காது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

சரோஜா ஆன்ட்டி வந்தார். மெல்லிய உருவம், பச்சைச் சேலை, அதிகம் பேசாத வாய். எல்லாரும் பயந்து நின்றபோது நான் மட்டும் அவரை நேரே காருக்கு அழைத்துப் போனேன்.

"ஆன்ட்டி, இதுதான் மைக். ஓட்டிக்கிட்டே பேசலாம், கையே வைக்க வேணாம். நானே மாட்டுனேன்."

"நல்லாருக்கு தம்பி" என்றார். பிறகு தட்டுடன் கூடாரத்தில் உட்கார்ந்து ஒரு முறுக்கை எடுத்தார். ஒரு கடி. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அப்போதுதான் பாட்டு நின்று, மணி அடித்து, ரேடியோ தானாகவே அழைப்பை எடுத்தது.

"என்னடி, அந்த தாசேக் கெலுகோர் பொம்பள வந்துருச்சா இல்லியா?"

பட்டர்வொர்த் பெரியம்மா. அம்மாவின் அக்கா. முட்டி வலி என்று வராமல் இருந்துவிட்டவர். சாதாரண நாளிலேயே பெரியம்மாவின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அன்று நான் கொடுத்திருந்தேன்.

"ஹலோ? கேக்குதா? நீ முறுக்கு சுட்டேன்னு சொல்லி கடையில வாங்குனதத்தான வெச்ச? அதான் நல்லது. நீ சுட்டத வெச்சிராத, அந்தம்மா பல்லு போயிரும். ஏற்கெனவே நெய்யுருண்டைக்காக ஒரு பொண்ணையே வேணாம்னுட்டு வந்த ஆளு!"

கூடாரத்தில் தட்டுகள் அசையவில்லை. தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுச் சீனரான 'தான்' அங்கிள் மட்டும் உள்ளே சோபாவில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் காருக்குள் பாய்ந்து சாவியைப் பிடுங்கினேன். பெரியம்மா நிற்கவில்லை. ஏன் நிற்பார்? சாவிக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் செய்தவன் நான்தானே. திரையை அமுக்கினேன். கையெல்லாம் கோழிக் கறி எண்ணெய், சத்தம்தான் கூடியது. இன்னும் அழுத்தினேன். டேப் விட்டது, அட்டை விட்டது, ரேடியோ தடாலென்று ஓட்டைக்குள் பின்பக்கமாகப் போய் விழுந்தது. இப்போது காரின் வயிற்றுக்குள்ளிருந்து பெரியம்மா பேசினார்.

"கோமளாவுக்கு சமைக்கத் தெரியும்னு சொல்லிட்டியாடி? சொல்லாத, மாட்டிக்குவ. அது தண்ணி காய்ச்சுனாலே அடிபுடிக்கும்."

"போன் எங்கம்மா?" என்று கத்தினேன். அம்மா முந்தானையை உதறித் தேடினார். அப்பா பேட்டரியைக் கழற்ற ஸ்பானர் தேடி ஓடினார். அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். நான்கு வருடம் காத்திருந்தவளின் கல்யாணத்தை நான் ஒரு பிஸ்கட் அட்டையை வைத்து முடித்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. ஓட்டைக்குள் தோள் வரை கையை விட்டபடி நான் அழுதுகொண்டிருந்தேன். (வியர்வை என்று பிற்பாடு சொல்லிப் பார்த்தேன். யாரும் ஏற்கவில்லை.)

பெரியம்மாவின் குரல் திடீரென்று தணிந்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன்டி. அந்தப் பையன்கிட்ட பேசறப்ப நம்ம கோமளா சிரிக்கிற சிரிப்பு இருக்கே, அப்படி நம்ம வீட்ல ஒருத்தரும் சிரிச்சு நான் பாத்ததில்ல. அந்தம்மா வேணாம்னு எந்திரிச்சுட்டா இந்தப் புள்ள தாங்காதுடி. எனக்கு ராத்திரியெல்லாம் அதான் பயம். கேக்குறியா? ஏன்டி பேச மாட்டேங்கற?"

சரோஜா ஆன்ட்டி எழுந்தார். மடியிலிருந்த முறுக்குத் தூளைத் தட்டினார். போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராக என்னிடம் வந்து, "தள்ளிக்க தம்பி" என்று சொல்லி, கார் இருக்கையில் உட்கார்ந்து, நான் காட்டிய மைக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, நான் தாசேக் கெலுகோர் சரோஜா பேசறேன்."

பிறகு காரின் வயிற்றுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது: "ராங் நம்பர்."

"ராங் நம்பர் இல்லக்கா. நீங்க காடி ரேடியோவுல பேசறீங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

"எல்லாரும்னா?"

"தெருவே இருக்கு."

"ஐயோ முருகா."

"அந்த நெய்யுருண்ட நல்லாத்தான் இருந்துச்சுக்கா. அந்தப் பொண்ணுக்கு என் மூத்தவனப் புடிக்கல, மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சிச்சு. புடிக்கலன்னு அது சொன்னா வீட்ல திட்டுவாங்க. அதான் பழிய நெய்யுருண்ட மேல போட்டுட்டு நான் எந்திரிச்சேன்." சேலையிலிருந்து இன்னொரு முறுக்குத் துணுக்கை எடுத்தார். "இந்த முறுக்கும் கடை முறுக்குன்னு மொதக் கடியிலயே தெரிஞ்சிச்சு. நானும் அங்கதான் வாங்குவேன். என் மகனுக்கு நல்லாவே சமைக்கத் தெரியும். உங்க புள்ள சிரிச்சிக்கிட்டு இருந்தா போதும்லா."

அக்கா அழுதாள். அம்மா அழுதார். தான் அங்கிள் உள்ளிருந்து வெளியே எட்டிப் பார்த்தார். அவர் எழுந்த இடத்தில், சோபா மெத்தைக்கு அடியில், அம்மாவின் கைப்பேசி மின்னிக்கொண்டிருந்தது.

"அப்ப கல்யாணம் எப்ப வெச்சிக்க..." என்று பெரியம்மா தொடங்கினார். காலையிலிருந்து இஞ்சின் ஓடாமல் பாடிக்கொண்டிருந்த கார், அந்த இடத்தில் உயிரை விட்டது. அப்பா ஸ்பானரோடு ஓடிவந்து, புது பேட்டரி ஓய்ந்திருப்பதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று மாலை சரோஜா ஆன்ட்டி உட்பட எல்லாரும் சேர்ந்து காரைத் தள்ளினோம். பெண் பார்க்க வந்த வீட்டில் சேலையைச் செருகிக்கொண்டு கார் தள்ளிய முதல் மாமியார் அவராகத்தான் இருப்பார்.

அடுத்த வாரம் அப்பா காரைக் கடைக்குக் கொண்டுபோனார். சிவப்பு வயர் சாவியோடு சேர்ந்தது, இரும்புச் சட்டம் வந்தது, ரேடியோ இன்றுவரை நன்றாகப் பாடுகிறது. அக்காவுக்குக் கல்யாணமாகி, குழந்தையும் பிறந்தாயிற்று. சரோஜா அத்தையும் பெரியம்மாவும் இப்போது இணைபிரியாத் தோழிகள். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

பெரியம்மா மட்டும் இன்னும் தேறவில்லை. யாரை அழைத்தாலும் நலம் விசாரிப்பதற்கு முன், "காடியில இல்லியே?" என்று கேட்கிறார். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் வணக்கம். அக்காவின் இரண்டு வயது மகள்கூட விளையாட்டுக் கைப்பேசியைக் காதில் வைத்தவுடன் அதைத்தான் சொல்கிறாள். போன வாரம் எனக்குப் பெண் பார்க்கப் பேச்சு எடுத்தார்கள். பெண் வீட்டைப் பற்றிச் சொல்லப் பெரியம்மா அழைத்தார். காடியில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்று மூன்று முறை சொன்னேன்.

"சத்தியமா?"

"சத்தியமா பெரியம்மா. காடி வெளியில நிக்குது."

"சாவி?"

"எங்கிட்ட இருக்கு."

பெரியம்மா விடவில்லை. "நீ மாட்டுனதுக்கு சாவி என்னடா பண்ணும்? போனை அப்பாகிட்ட குடு."