எழுபத்தோரு நாள் வராதவனின் விளக்கம்

பாப்பிரெட்டிப்பட்டி,
சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய சித்தப்பா திரு. சென்னப்பன் அவர்களுக்கு, தங்கள் அண்ணன் மகன் தமிழ்மணி, கைகட்டி நின்றுகொண்டிருப்பதாக மனதில் பாவித்து, உட்கார்ந்து எழுதும் கடிதம். ஓசூரில் தாங்களும் சித்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நான் நலம். வீட்டில் நான் ஒருவன்தான் என்பதால் அனைவரும் நலம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

போன செவ்வாய்க்கிழமை தாங்கள் அனுப்பிய குரல் பதிவு கிடைத்தது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அதை நான்கு தடவை கேட்டேன். திட்டு இனிக்கிறது என்று அல்ல, இந்த வீட்டுக்குள் என்னைப் பெயர் சொல்லி ஒரு மனிதக் குரல் பேசி நாளாகிவிட்டது, அதனால். "உனக்காக மாயவன்கிட்ட போயி நின்னேன்டா தமிழு, அவன் வருகைப் பதிவக் காட்டறான், எழுபத்தோரு நாள்ல ஒரு நாள் கூட நீ வேலைக்கு வரல, என் மூஞ்சிய எங்க கொண்டு போயி வெக்கறது" என்று சொல்லியிருந்தீர்கள். அதன் பிறகு நான் பதினாறு தடவை கூப்பிட்டும் தாங்கள் எடுக்கவில்லை. ஆகவேதான் தபால். கடிதத்தைக் கட் பண்ண முடியாது அல்லவா.

சித்தப்பா, நான் ஒரு நாள் கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. காய்ச்சல் வந்த அன்றைக்கும் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். மாம்பழக் கூழ் கம்பெனியை மூடி கம்ப்யூட்டர் ஆபரேட்டரான என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மாயவன் சாரிடம் சொல்லித் தாங்கள் வாங்கிக் கொடுத்த வேலை இது. அவர் மேனேஜராக இருக்கும் பம்பு செட் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் இன்டர்நெட்டில் எழுதும் சந்தேகங்களுக்கு வீட்டிலிருந்தே பதில் டைப் அடிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு "வணக்கம், நான் தமிழ்மணி, எப்படி உதவட்டும்" என்று ஆரம்பித்தால் சாயங்காலம் ஆறு மணிக்குள் எண்பது தொண்ணூறு பேர். மோட்டார் ஓடுது தண்ணி வரல, தண்ணி வருது மோட்டார் நிக்கல, இப்படியே. பாதிப் பேர் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள், நீங்க மனுசனா மிசினா என்று. மனுசன்தாங்க என்று அடிப்பேன். மிசினும் அப்படித்தாங்க சொல்லுது என்று பதில் வரும். சசிகலாவுக்கு வால்பாறை ஆஸ்பத்திரிக்கு மாற்றல் ஆகி, எங்கள் பொண்ணையும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள் என்பது தங்களுக்குத் தெரியும். மாசத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் தண்ணி கேன் போட வந்தவர் "எத்தனை கேனுங்க" என்று கேட்டதற்கு வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. காலையிலிருந்து பேசாத தொண்டை அடைத்துப் போயிருந்தது. ரெண்டு விரலைக் காட்டினேன். பாவம் அந்த மனிதர், பிறவியிலேயே எனக்குப் பேச்சு வராது என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கிலிருந்து என்னிடம் சைகையில்தான் பேசுகிறார். இனிமேல் எப்படித் திருத்துவது என்று நானும் விட்டுவிட்டேன்.

வேலை செய்யும் பக்கத்தின் மேல் மூலையில் பொடி எழுத்தில் 'வருகை: இல்லை' என்று சிவப்பாக இருந்தது வாஸ்தவம். வாடிக்கையாளர் யாரும் இன்னும் வரவில்லை என்று அதற்கு நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பதில் போட்ட கணக்கை வைத்துச் சம்பளம் ஒழுங்காக வந்துவிட்டதால் வேறு சந்தேகமும் வரவில்லை. தங்கள் குரல் பதிவைக் கேட்ட பிறகுதான் அந்த 'இல்லை' என்னைத்தான் என்று புரிந்தது. உடனே வருகைப் பதிவுப் பக்கத்தைத் தனியாகத் திறந்து பார்த்தேன். அது வேறு ஒரு கம்பெனி நடத்துவது, அதற்கு முகவரியே வேறு. அங்கே பச்சைப் பசேல் என்று 'வாங்க தமிழ்மணி' என்று காட்டுகிறது! நம்ம கம்பெனிப் பக்கத்துக்கு வந்தால் 'இல்லை'. அங்க இருக்கேன், இங்க இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மோடத்தைப் பிடுங்கி மாட்டினேன். ஒரு வீடியோவில் சொன்னாங்கன்னு பிரவுசர்ல சேந்து கெடந்த எல்லாத்தையும் அழிச்சேன். அதுல பேங்க்கு, கேஸ் புக்கிங், பொண்ணு பள்ளிக்கூடம்னு நான் உள்ள நுழைஞ்சு வெச்சிருந்த அத்தனை இடமும் வாசக்கதவைச் சாத்திடுச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல போயி பாத்தேன். அங்கேயும் செவப்பு. கடைசியில் கம்பெனிக்குப் புகார் எழுதினேன்: "ஐயா, நான் இருக்கிறேன். இல்லை என்று காட்டுகிறது. ஆவன செய்யவும்."

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு போன் வந்தது. அந்தோணி பிரகாஷ் என்று ஒரு இளைஞர், கம்பெனியின் இணையதளத்தை வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்பவர்.

"சார், கீ போர்டுல எஃப் பன்னெண்டு அமுக்குங்க. கீழ ஒரு கட்டம் தொறக்கும். செவப்பா எதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒரே செவப்பாத்தாங்க கெடக்குது."

"அதப் படிங்க."

"இங்கிலீசா இருக்குதுங்க, ஒவ்வொண்ணும் ஒரு முழ நீளம்."

"பரவால்லீங்க, எழுத்துக் கூட்டி மெதுவாப் படிங்க. நான் இருக்கறன்."

போன் லைனில் இருக்கிறேன் என்ற அர்த்தத்தில்தான் அவர் அப்படிச் சொன்னார். எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் கொஞ்சம் அதிக மெதுவாகவே படித்தேன்.

அவர் விளக்கியது இதுதான் சித்தப்பா, தாங்களும் தெரிந்துகொள்ள வேண்டும், மாயவன் சாரிடம் சொல்ல உதவும். ஒரு பக்கத்தில் பாஸ்வேர்டு போட்டு நாம் உள்ளே போனதும் நம் பெயருக்கு ஒரு சீட்டை பிரவுசர் வாங்கி வைத்துக்கொள்கிறது. அதற்கு குக்கீ என்று பெயர். நேரே போனால் அந்தச் சீட்டைக் காட்டும், அவர்களும் 'வாங்க' என்பார்கள். ஆனால் ஒரு முகவரியில் இருக்கும் பக்கம் இன்னொரு முகவரியில் போய் 'தமிழ்மணி வந்திருக்கிறாரா' என்று கேட்டால், பிரவுசர் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பாது. களவு போய்விடும் என்று பயம். சீட்டு இல்லாமல் போனால் 'எந்தத் தமிழ்மணி' என்பார்கள். ஓசூர் ஆபீஸில் எல்லாரும் கதவுப் பக்கம் விரல் வைத்து உள்ளே போகிறவர்கள். வீட்டிலிருந்து இந்த வழியாக வருகை பதிபவன் மொத்தக் கம்பெனியிலும் நான் ஒருத்தன். அதனால் இந்தக் கோளாறு வேறு யாருக்கும் வரவும் இல்லை, யாருக்கும் தெரியவும் இல்லை.

சீட்டையும் கூட எடுத்துக்கொண்டு போ என்று முதல் நாள் கம்பெனிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார். மறுபடி செவப்பு. வருகைக் கம்பெனிக்காரங்க யார் வேணா கேட்கலாம்னு நட்சத்திரக் குறி போட்டு வெச்சிருந்தாங்களாம். சீட்டோட போறப்ப அது செல்லாதாம், இன்ன முகவரின்னு பேர் சொல்லித்தான் அனுமதிக்கணுமாம். அவங்க நம்ம கம்பெனி முகவரியை எழுதினாங்க, எழுதினவங்க கடைசியில ஒரு சாய்வுக்கோடு சேத்துப் போட்டுட்டாங்க. ஒரு கோடு கூடுனதுக்கு அது வேற ஆளாம்! வியாழக்கிழமை அதைத் திருத்துனாங்க. அப்புறம் சீட்டு மேலேயே 'வெளியூர் போகலாம்'னு குறிக்கணும்னாங்க. அதையும் குறிச்சாச்சு.

இதுக்கு நடுவுல, அவங்க பதில் அனுப்பற வரைக்கும் நாங்க லைன்லயே காத்திருந்தோம். "நீங்க பெங்களூருங்களா?" என்றேன். "இல்லீங்க, பாப்பாரப்பட்டி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அட, நான் பாப்பிரெட்டிப்பட்டிங்க!" "அப்ப கூரியர்ல எனக்கு வரவேண்டிய ஹெட்போன் உங்க ஊருக்குத்தாங்க போச்சு" என்று சிரித்தார். அவரும் வீட்டிலிருந்துதான் வேலை. "அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போயிட்டா வூட்ல நானும் ஃபேனும்தாங்க. ஃபேனு மட்டும் பதில் சொல்லும்." அவருக்குத் தக்காளி சாதம் வைக்கத் தெரியாது, நான் சொல்லிக் கொடுத்தேன். கரண்ட் போன பதினைந்து நிமிடமும் யாரும் போனை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாம் சரி செய்தும் செவப்பு போகவில்லை. "சார், வெளிப் பக்கத்துக் குக்கீயை நிறுத்தற பொத்தான் எதையாச்சும் அமுக்கி வெச்சிருக்கீங்களா?" வேலையில் சேர்ந்த முதல் வாரமே அமுக்கியிருந்தேன். அது வழியாத் திருடன் வருவான்னு எவனோ ஒரு வீடியோவுல சொன்னான். அதை மாத்தினேன் சித்தப்பா. 'வருகை: உண்டு.' பச்சை!

"ஆச்சுங்க சார்" என்றார்.

"ஆச்சுங்களா" என்றேன்.

"அப்ப வெச்சிடட்டுங்களா?" என்றார். "எதுக்கும் ஒரு தடவை வெளிய போயி உள்ள வந்து சோதிச்சுப் பாத்துடலாங்களே" என்றேன். ஆமாங்க, பாத்துடறது நல்லதுதான் என்றார். ஐந்து தடவை சோதித்தோம். ஐந்து தடவையும் பச்சை. அதற்கு மேல் சோதிக்க எங்கள் இருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

ஆகவே, இனி என்றைக்கும் என் பெயருக்கு எதிரே பச்சைதான் என்பதை மாயவன் சாரிடம் தாங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். பழைய எழுபத்தோரு நாளையும் திருத்தித் தருவதாக அந்தோணி பிரகாஷ் எழுத்தில் கொடுத்திருக்கிறார். தங்கள் பெயருக்கு என்னால் வந்த தலைக்குனிவைப் பொறுத்தருள வேண்டும். சித்தியின் முழங்கால் வலி தேவலையா? நான் விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் கோபம் தணிந்து, இந்தப் பிள்ளையை நாலு நல்ல வார்த்தை சொல்லி வாழ்த்த வேண்டும். அதைக் குரல் பதிவாகவே அனுப்பினாலும் சந்தோஷம்.

இப்படிக்கு,
நாள் தவறாமல் வேலைக்கு வந்துகொண்டிருக்கும்
தங்கள் மகன் முறை,
தமிழ்மணி

பி.கு.: இன்று திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால். நேற்று ஞாயிறு என்பதால் கடிதத்தைப் பெட்டியில் போடவில்லை. 'இனி என்றைக்கும் பச்சைதான்' என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். மறுபடி 'இல்லை' என்று சிவப்பில் காட்டுகிறது. மாயவன் சார் கேட்டால் தொழில்நுட்பக் கோளாறு, இன்னும் முழுசாகத் தீரவில்லை என்று சொல்லிவிடுங்கள். தங்களிடம் மறைப்பானேன், அந்தக் குக்கீப் பொத்தானை ஒன்பது மணிக்கு நான்தான் பழையபடி மாற்றி வைத்தேன். புகாரும் எழுதிவிட்டேன், பதினோரு மணிக்குக் கூப்பிடுவதாக அந்தோணி பிரகாஷிடமிருந்து உடனே பதில் வந்துவிட்டது. இனி என்னைக் கூப்பிடுவதாக இருந்தால் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் வேண்டாம் சித்தப்பா, லைன் கிடைக்காது.